பதினொன்றாவது கிளாஸ்

எலுமிச்சம்பழத்தை எட்டாக வெட்ட வேண்டும். ஆறாக வெட்டினால் பழம் வீண். பத்தாக வெட்டினால் துண்டு கிளாஸ் விளிம்பில் நிற்காமல் உள்ளே விழுந்துவிடும். காலை ஆறு மணிக்கு முன்பே இருநூறு துண்டுகளை வெட்டி டப்பாவில் அடுக்கியாயிற்று. கத்தியைத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி வரிசையைப் பார்த்தான் அவன்.

ஏழு பேர் நின்றார்கள்.

இதில் மாமியார் யார்?

கப்பலின் ஒன்பதாம் தளத்தில், நீச்சல் குளத்தை ஒட்டி இருந்தது அந்தக் கவுண்டர். மது கிடையாது. பழச்சாறு, சோடா, டீ, காபி, பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். மூன்று வருடமாக அங்கே பழம் வெட்டுகிறவன் என்பதால் ஊழியர்களுக்கு அவன் எலுமிச்சை. பக்கத்தில் நின்று ஜூஸ் அடிப்பவள் மிக்ஸி. அந்தப் பெயர் அவளுடைய இயந்திரத்தால் வந்ததல்ல, வாயால் வந்தது.

மாமியார் என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். ஒவ்வொரு பயணத்திலும் கம்பெனி ஒரு ஆளைப் பயணி வேஷத்தில் ஏற்றி அனுப்பும். ஆணா பெண்ணா, கிழமா குமரா, தெரியாது. அது வாங்கிக் குடிக்கும், சிரிக்கும், போட்டோ எடுக்கும். அன்றன்றைக்கே அறிக்கை போகும். எவன் சிரிக்கவில்லை, எவள் கையுறை போடவில்லை, எவன் ஒரு கார்டுக்கு இரண்டு பாட்டில் நீட்டினான். மருமகள் குழம்பில் உப்புத் தேடுகிற மாமியார்கூட நாள் கிழமையில் சும்மா இருப்பாள். இது இருக்காது.

எலுமிச்சையின் பெயரில் ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது. போன பயணத்தில் வெயிலில் வாடிய இரண்டு குழந்தைகளோடு ஒரு அப்பா வந்தார். ஒரே கார்டு. குழந்தைகள்தானே என்று இரண்டு பாட்டில் கொடுத்தான். குழந்தைகள் நிஜம். அப்பாதான் மாமியார். இன்னொரு புள்ளி விழுந்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறங்க வேண்டியதுதான். நடுவழியில் இறக்கப்பட்டவன் பெயரை ஏஜென்ட் இரண்டு வருடத்துக்குத் தொடமாட்டான். ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. வீட்டில் மனைவி வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடி நான்கு மாதம் ஆகிறது.

"அக்கா, அந்தப் பச்சைத் தொப்பி" என்றான் உதடு அசையாமல்.

"எது? நோட்டு வெச்சிருக்கே, அந்தம்மாவா?"

"மூணு நாளா எழுதுது. ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பாத்துட்டு எழுதுது."

"கவிதை எழுதுதோ என்னவோ."

"மணி பாத்தா கவிதை எழுதுவாங்க?"

"எனக்கென்ன தெரியும்? என் புருஷன் எனக்கு எழுதினதே இல்ல." மிக்ஸி அன்னாசித் துண்டுகளை உள்ளே போட்டு மூடியை அழுத்தினாள். "உனக்கு யாரைப் பாத்தாலும் மாமியாராத்தான் தெரியுது. நேத்து அந்தக் கல்யாண ஜோடின்ன. முந்தாநாள் மொட்டைத் தலைக்காரர்ன. வீட்ல ஒண்ணு பத்தாதுன்னு கப்பல் பூரா மாமியார் தேடற ஒரே ஆம்பளை நீதான்."

இயந்திரம் அலறியது. பச்சைத் தொப்பி வரிசையின் முன்னால் வந்து நின்றாள். அறுபதைத் தாண்டியவள். தனியாகத்தான் வருவாள், தனியாகத்தான் உட்காருவாள். மூன்று நாளாக சர்க்கரை போடாத டீ, பாட்டில் தண்ணீர். வேறு எதையும் தொட்டதில்லை. மாமியார்களும் அப்படித்தான், ஜூஸ் குடித்தால் வயிறு நிறைந்துவிடும், வேலை ஓடாது.

"சர்க்கரை இல்லாம ஒரு டீ தம்பி. அப்புறம் தண்ணி பாட்டில் எட்டு."

எட்டு!

அவன் சிரித்தான். சிரிப்புக்கு மட்டும் அறிக்கையில் ஐந்து மதிப்பெண். "டீ இப்பவே தர்றேன் மேடம். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் தர முடியும். அடுத்ததுக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் மெஷின் திறக்கும்."

"அட, அப்படி வேறயா? சரி, உக்காந்துக்கறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

அன்று கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தது. எட்டு மணிக்குப் பயணிகளை ஊர் சுற்றிக்காட்டப் பேருந்துகள் புறப்படும். அவள் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து எழுதினாள்.

ஐந்து நிமிடம். கார்டு. பச்சை விளக்கு. ஒரு பாட்டில். மறுபடி ஐந்து நிமிடம்.

"வெளித் தண்ணி எனக்கு ஒத்துக்காது" என்றாள், நான்காவது பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டே. "போன ஊர்ல ஒரு வாய் குடிச்சிட்டு நாள் பூரா பாத்ரூமே கதின்னு கிடந்தேன். அதான். தண்ணிதானே, எடுத்துக்கிட்டா யார் கேக்கப் போறா?"

எலுமிச்சை திரையைப் பார்த்தான்.

அவள் கார்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டி வாங்கிய திட்டத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பானம். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை. பாட்டில் தண்ணீரும் பானம்தான். பாக்கி எத்தனை என்பது அவன் பக்கத்துத் திரையில் மட்டும் தெரியும். சொல்லலாம். ஆனால் போன வருடம் ஒருவன் அப்படிச் சொல்லப்போக, 'பயணியைக் குடிக்கவிடாமல் தயங்க வைத்தார்' என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாக் கவுண்டரிலும் ஒரே பாடம்: மாமியார் கேட்காததைச் சொல்லாதே.

இதுவும் கேள்வி இல்லை. தூண்டில்.

"ஆமா மேடம்" என்று மட்டும் சொன்னான். எதற்கு ஆமாம் என்று அவனுக்கே தெரியாது.

நடுவில் இன்னொரு டீ வாங்கினாள். எட்டாவது பாட்டிலும் போனபோது அவன் பக்கத்துத் திரையில் பூஜ்யம் விழுந்தது. "நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்" என்று சிரித்தான். பத்து தடவை, பத்தும் விதிப்படி. மனதுக்குள் ஒரு சின்ன மத்தளம் கொட்டியது.

"பாவம்டா" என்றாள் மிக்ஸி. "நிஜமாவே தாகத்துக்கு வாங்கற மாதிரிதான் இருக்கு."

"அதுதான்க்கா நடிப்பு."

*

பகல் மூன்று இருபது. குளத்தைச் சுற்றிப் படுக்கை நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தை மூன்று மணிக்கே மூடியிருந்தார்கள். இனி ஐந்துக்குத்தான் திறப்பார்கள். ஒரு பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருக்க வேண்டியவர்கள் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பச்சைத் தொப்பி வரிசையில் நிற்கவில்லை. நேராகக் கவுண்டருக்கு வந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் முழுக்க வியர்வை.

"ஆரஞ்சு... ஒரு ஆரஞ்சு ஜூஸ் தம்பி."

மூன்று நாளாக சர்க்கரை இல்லாத டீ. இன்று திடீரென்று ஜூஸ். எலுமிச்சையின் காதில் மணி அடித்தது. கார்டை வைத்தான். சிவப்பு.

"மன்னிக்கணும் மேடம். இன்னைக்கு உங்க பத்து முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கும்."

"பத்தா? நான் எங்க... தண்ணிதானே எடுத்தேன்."

"பாட்டில் தண்ணியும் சேத்திதான் மேடம்."

"சரி, காசுக்குப் போடு."

போட்டுப் பார்த்தான். திரையில் வேறு செய்தி வந்தது. "உங்க கார்டுல தனியா வாங்கறதைப் பூட்டி வெச்சிருக்காங்க. கணக்கு வேற ஒருத்தர் பேர்ல இருக்கு."

"என் மகன்... அவன்தான்..." அவள் பேச்சு குழறியது. "தலை சுத்துதுப்பா. கையைப் பாரு."

கை நடுங்கியது. பார்த்தான். பார்த்தபோது அவனுக்கு ஞாபகம் வந்தது எட்டாம் தளத்துக் காபிக்காரன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனிடமும் ஒருத்தி வந்தாள். அளவு முடிந்த கார்டு. தலை சுத்துது என்றாள், கை நடுங்கியது, நெற்றியில் வியர்வை கொட்டியது. அவன் பதறிப்போய் ஒரு ஜூஸைக் கணக்கில் ஏற்றாமல் கொடுத்துவிட்டான். மறுநாள் இறக்கிவிட்டார்கள். வியர்வைகூடக் கழிப்பறைக் குழாய்த் தண்ணீர்தான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அதே வியர்வை. அதே கை.

"டாக்டரைக் கூப்பிடட்டுமா மேடம்?"

"டாக்டர் எதுக்கு... ஒரு வாய் ஜூஸ் போதும்."

டாக்டர் வேண்டாமாம்! டாக்டர் வந்தால் நாடி பிடித்துக் குட்டை உடைத்துவிடுவாரே. அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. நன்றாகச் சிரித்தான். "ரொம்ப மன்னிக்கணும் மேடம். விதி."

வரிசையில் அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். கேமராக்காரர் ஒருவர். கல்யாண ஜோடி. தோளில் துண்டு போட்ட மொட்டைத் தலைக்காரர். வெள்ளைக் குளியல் அங்கி போட்ட ஒரு பெண்மணி. ஐந்து பேர் கையிலும் கார்டு இருந்தது. யாரும் அதை நீட்டவில்லை. கல்யாணப் பெண் மட்டும் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"தம்பி, குடுத்துத் தொலையேன்" என்று பல்லைக் கடித்தாள் மிக்ஸி.

"நீங்க சும்மா இருங்கக்கா. என் பொழப்பு."

தொப்பி முதலில் விழுந்தது. பிறகு ஸ்டூல். பிறகு அவள். ஈரத் தரையில் தலை பட்ட சத்தம் குளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

மிக்ஸி சிரப் பாட்டிலோடு கவுண்டரைத் தாண்டிக் குதித்தாள். மண்டியிட்டு, விரலால் தொட்டு அவள் உதட்டின் உட்பக்கம் தடவினாள். "அம்மா! அம்மா, இங்க பாருங்க! யாராவது டாக்டருக்குப் போன் பண்ணுங்கய்யா!"

எலுமிச்சை அரை நிமிடம் நகரவில்லை. இப்போது எழுந்துவிடுவாள், முழங்காலைத் தட்டிக்கொண்டு, 'பரவாயில்லை, நீ பாஸாயிட்டே' என்பாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. காதோரம் ஒரு சிவப்புக் கோடு ஈரத்தில் கலந்து பரவியது.

*

அன்று மாலை சூப்பர்வைசர் அவன் தோளில் தட்டினார். "நீ செஞ்சது கரெக்டு. விதின்னா விதி. பயப்படாத."

மறுநாள் காலையில் அவர் தட்டவில்லை. கல்யாணப் பெண்ணின் போனில் பதிவானது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு விநாடி. கிழவி நடுங்குகிறாள், எலுமிச்சை சிரிக்கிறான். 'ஒரு வாய் ஜூஸ் கொடுக்காத கப்பல்' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். சிரிப்பு வந்த இடத்தை மட்டும் நிறுத்தி, பெரிதாக்கி, திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தார்கள்.

கப்பல் ஆஸ்பத்திரிக்குள் ஊழியர்கள் காரணமில்லாமல் போகக் கூடாது. அவன் கட்டைவிரலில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டு போனான். நர்ஸ் கீறலைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம்" என்று திரையை விலக்கினாள்.

தலையில் நான்கு தையல். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அடுத்த துறைமுகத்தில் இறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். தொப்பி இல்லாமல் அவள் சின்னதாகத் தெரிந்தாள்.

அவன் என்ன கேட்க வந்தானோ, அதைக் கேட்கவில்லை. வாயில் வந்தது வேறு.

"நீங்க... நிஜமாவே பயணிதானாம்மா?"

"பின்ன, பேயா?"

"இல்ல, அந்த நோட்டு..."

தலையணை ஓரத்தில் கிடந்த நோட்டை அவள் கண்ணால் காட்டினாள். எடுத்துப் பார்த்தான். நனைந்து காய்ந்து பக்கங்கள் மொடமொடவென்று இருந்தன. காலை 7.05, டீ. ஊசி. 7.10, தண்ணீர். நேற்றைய சர்க்கரை அளவு, அதற்கு முந்தைய நாள் அளவு. பக்கம் பக்கமாக அதுதான்.

"வாயில போடறதையெல்லாம் மணியோட எழுதணும். மகன் போட்ட கண்டிஷன். கப்பல்ல அனுப்பறேன், ஆனா இனிப்பு கினிப்புன்னு வாங்கித் தின்னுடுவேன்னு கார்டையும் பூட்டிட்டான். நல்ல புள்ளதான். நம்பிக்கைதான் இல்ல" என்றாள். "காலைல ஊசி போட்டாச்சு. அந்தப் பாழாப்போன பஸ் நின்னு, மத்தியானச் சோறு இல்ல. பையில பாத்தா எட்டும் தண்ணி. சர்க்கரை இறங்கிடுச்சு. நீ ஏன் தம்பி தரல?"

பொய் சொல்ல ஐந்து நிமிடம் போதாது. சொன்னான். மாமியார், கரும்புள்ளி, காபிக்காரன், குழாய்த் தண்ணீர் வியர்வை. எல்லாவற்றையும் சொன்னான். "நீங்க நடிக்கிறீங்கன்னு நெனச்சேம்மா."

அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்கு நேரமாயிற்று. இடுப்பு வலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டர்டா. முதன்முதலா டிக்கெட் கிழிச்ச பொம்பளைங்கள்ல ஒருத்தி. சாதா உடுப்புல செக்கர் ஏறுவான். எவன்னு தெரியாது. ஒரு தடவை ஒருத்தன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஏறினான். காசு இல்ல, ஆஸ்பத்திரில விட்டுடு தாயின்னான். செக்கர்தான்னு நெனச்சு நடுவழில இறக்கி விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. செக்கர் இல்ல." அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போ. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. என் மேல தப்பு, அந்தத் தம்பி விதிப்படிதான் செஞ்சான்னு எழுதித் தர்றேன். அந்தப் பேனாவை எடு."

எழுதினாள். படுத்தபடி எழுதியதால் வரிகள் சரிந்து இறங்கின. கையெழுத்துப் போட்டுத் தேதியும் மணியும் குறித்தாள். பழக்க தோஷம்.

*

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. மேனேஜர், ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆபீசரம்மா, ஓரத்தில் சூப்பர்வைசர். மேசைமேல் மூடிய தண்ணீர் பாட்டில்கள் நான்கு இருந்தன. அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

ஆபீசரம்மா விதிப் புத்தகத்தைத் திருப்பி அவன் முன் வைத்தாள். "நாப்பத்தோராம் பக்கம். அடிக்கோடு போட்டிருக்கேன், படிங்க."

அவசர மருத்துவத் தேவை ஏற்படும்போது ஊழியர் சூழ்நிலையை அறிந்து நடந்துகொள்ள வேண்டும். படித்தான்.

"அறிஞ்சு நடந்துக்கிட்டீங்களா?"

"எட்டாம் தளத்துல காபிக்காரன் இதைத்தானே மேடம் செஞ்சான்? அவனை இறக்கி விட்டீங்களே."

"அது வேற" என்றார் மேனேஜர். "அங்க வந்தது எங்க ஆளு. அது நடிப்பு. இது நிஜம்."

"ரெண்டையும் நான் எப்படி சார் பிரிச்சுப் பாக்கறது?"

"மூணு வருஷ அனுபவம் இருக்குல்ல?"

எலுமிச்சை அவரையே பார்த்தான். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"சரி, ஜூஸை விடுங்க" என்றாள் ஆபீசரம்மா. "கவுண்டர்ல சர்க்கரைப் பொட்டலம் இருந்துதில்ல? அது கணக்குல வராது. யார் வேணா எடுக்கலாம். அதுல ரெண்டைப் பிரிச்சு அந்தம்மா வாயில போட உங்களுக்கு ஏன் தோணல?"

பொட்டலங்கள் இருந்தன. அவன் கைக்கு ஒரு முழ தூரத்தில், கண்ணாடிக் குவளையில், நூறு பொட்டலம். நிஜமாகவே சர்க்கரை இறங்கிப்போன ஒருத்தி எதிரே நிற்கிறாள் என்று அவன் ஒரு விநாடிகூட நினைக்கவில்லை. நடிக்கிறவளுக்கு எவன் சர்க்கரை கொடுப்பான்?

"அந்தம்மா எழுதிக் குடுத்திருக்காங்க மேடம்" என்று காகிதத்தை நீட்டினான்.

அவள் வாங்கிப் படித்தாள். மடித்தாள். "புகார் குடுத்தது இவங்க இல்ல. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவரு. இவங்க மகன். அவர் வாபஸ் வாங்கினாத்தான் இது செல்லும்."

"விழுந்தது இவங்கதானே மேடம்?"

"பயணி இவங்க. வாடிக்கையாளர் அவரு."

இன்னொரு காகிதம் வந்தது. 'என் சொந்த முடிவின்படி பானம் தர மறுத்தேன். இதில் நிறுவனத்தின் விதிகளுக்கோ அறிவுறுத்தலுக்கோ தொடர்பில்லை.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடலைன்னா?"

"போட்டா, நீயா விலகிட்டேன்னு எழுதுவோம்" என்றார் மேனேஜர். "போடலைன்னா, நாங்க நீக்கினோம்னு எழுதுவோம். ஏஜென்ட்டுக்கு எது போனா உனக்கு நல்லது, நீயே பாத்துக்கோ."

சூப்பர்வைசர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

*

பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் கீழ்த்தளத்து அறைக்கு வந்தார். நான்கு பேர் தூங்கும் அறை. அவர் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"உன்கிட்டக் காட்டக் கூடாது. மனசு கேக்கல. பாத்துட்டு மறந்துடு."

மாமியாரின் அறிக்கை. ஒன்பதாம் தளம், மதுவில்லாப் பானக் கவுண்டர். எலுமிச்சை விரலால் கீழே தள்ளினான். 'காலை 7.05 முதல் 7.50 வரை: ஐந்து நிமிட இடைவெளி விதி பிசகாமல் பின்பற்றப்பட்டது.' இன்னும் கீழே. 'பிற்பகல் 3.24: அளவு முடிந்த பயணி பதினொன்றாவது பானம் கேட்டார். ஊழியர் மறுத்தார். மூன்று முறை வற்புறுத்தியும் உறுதியாக மறுத்தார். புன்னகை இறுதிவரை இருந்தது.' ஓரத்தில் மதிப்பெண். நூற்றுக்கு நூறு.

அறிக்கை அத்தோடு முடிந்திருந்தது. 3.25க்கு என்ன நடந்தது என்று ஒரு வரியும் இல்லை.

"அப்ப மாமியாரு அங்கதான் சார் நின்னிருக்கு" என்றான். "அந்த அஞ்சு பேர்ல."

"இருக்கும்."

"கார்டு கையில வெச்சிக்கிட்டு."

சூப்பர்வைசர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்த மார்க்குனால நம்ம கவுண்டர்தான் இந்த மாசம் முதல். உன்னாலதான். அதையாவது நெனச்சு சந்தோஷப்படு."

"இதை மேனேஜர்கிட்டக் காட்டினா என்ன சார்?"

"அவர்தான் எனக்கு அனுப்பினாரு."

படிக்கட்டு முழுக்க அவன் முகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஏறினான். கேமராக்காரரா? அங்கி போட்ட பெண்மணியா? மொட்டைத் தலைக்காரரைத்தான் மிக்ஸி கேலி செய்தாள். அவரா? அல்லது, போனை உயர்த்திப் பிடித்தாளே, அவளேவா? ஐந்து முகமும் ஒன்றுபோலவே தெரிந்தன. எல்லாமே கொஞ்சம் சலித்துக்கொண்ட முகங்கள்.

மிக்ஸி பத்தாம் படியில் காத்திருந்தாள். அவள் பேசவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவை.

"என்னக்கா, கரன்ட் போயிடுச்சா?" என்றான்.

அவள் சிரிக்க முயன்று, முந்தானையில்லாத சீருடையில் முகத்தைத் துடைக்க எதுவும் அகப்படாமல், புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு. பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லு. நீ சிரிச்சதை அவ பாத்திருப்பா."

அது ஒரு சின்னத் துறைமுகம். ஒரே ஏணிப்பாலம். இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். காலை பத்து மணி வெயில் தகரப் பாலத்தில் அடித்து முகத்தில் ஏறியது. புதுப் பயணிகள் பெட்டிகளோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பாலத்தின் தலைப்பில், சீருடை மடிப்புக் கலையாத ஒரு பெண் தட்டு ஏந்தி நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தட்டில் நான்கு வரிசையாக ஆரஞ்சு நிறக் கிளாஸ்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு எலுமிச்சைத் துண்டு. துண்டுகளை யாரோ ஆறாக வெட்டியிருந்தார்கள்.

எலுமிச்சை ஊருக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சட்டையில் இருந்தான். கூட்டத்தில் ஒருவர் இடித்ததில் கயிற்றோரம் ஒதுங்கி நின்றான்.

"வாங்க சார், வணக்கம்!" என்று ஒரு கிளாஸை அவன் கையில் வைத்தாள் அவள். நல்ல சிரிப்பு. ஐந்துக்கு ஐந்து போடலாம்.

கிளாஸ் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து அவன் எதுவும் குடிக்கவில்லை. வாயருகே கொண்டுபோனபோது அவள் கண் கீழே இறங்கி, பெட்டிப் பிடியில் தொங்கிய மஞ்சள் சீட்டில் நின்றது. 'ஊழியர். இறங்குகிறார்.'

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. யாரு பாக்கறாங்கன்னு தெரியாது."

"தெரியும்மா" என்றான்.

அவன் நீட்டிய கிளாஸை அவள் வாங்கினாள். அவன் விரல் பட்ட இடத்தைக் காகிதக் கைக்குட்டையால் சுற்றித் துடைத்தாள். விளிம்பில் சரிந்திருந்த துண்டை நேராக்கினாள். பிறகு அவனுக்கு அடுத்தபடியாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பயணியின் கையில் அதைக் கொடுத்து, "வாங்க சார், வணக்கம்!" என்றாள்.